நான்கு பேரோடு நின்றுவிட்ட ஆதரவு வட்டம்: ஐந்தாமவரை எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சென்னை வில்லிவாக்கத்தில் நீங்களும் உங்கள் தோழிகள் மூவரும் சேர்ந்து, பெண்கள் மனம்விட்டுப் பேசவும் ஒருவருக்கொருவர் துணை நிற்கவும் ஒரு வட்டம் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. நோட்டீஸ் அச்சடித்து ஒட்டினீர்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி போட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு டீயும் சமோசாவும் வைத்து அறிமுகக் கூட்டமும் நடத்தினீர்கள். வந்தவர்கள் அன்றோடு சரி. இன்றும் நீங்கள் நால்வர்தான். எங்கே தவறியது, ஆட்களை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அயனாவரம், ஓட்டேரி பக்கம் இப்படியொரு வட்டத்தைப் பதினோரு ஆண்டுகளாக நடத்தி வருபவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீங்கள் செய்தவை அனைத்தையும் நானும் செய்திருக்கிறேன். சமோசாவுக்குப் பதில் வாழைக்காய் பஜ்ஜி, அவ்வளவுதான் வேறுபாடு. முதல் ஆண்டு முழுவதும் எங்கள் வட்டமும் ஐந்து பேரைத் தாண்டவில்லை. பிறகு எனக்குப் புரிந்தது இது: காதுகுத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் ஊரைக் கூப்பிடலாம், தன் வீட்டுத் துயரத்தைச் சொல்ல வேண்டிய பெண் ஊர் அழைப்புக்கு வரமாட்டாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த, அவள் நம்புகிற ஒருவர், "ஒரு தடவ போய்ப் பாரேன், நல்ல மாதிரி மனுஷங்க" என்று தனியாகச் சொன்னால் வருவாள். நீங்கள் முதலில் தேட வேண்டியது அப்படிச் சொல்லக்கூடிய ஆறேழு பேரை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்குமுன் அந்த நோட்டீஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "மகளிர் ஆதரவுக் குழு, உறுப்பினர் சேர்க்கை நடைபெறுகிறது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். சென்னையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தியிடம் "மகளிர் குழு" என்று சொன்னால் அவள் காதில் விழுவது கடன் என்ற சொல்தான். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு நிதியுதவியோடு சுய உதவிக் குழுக்கள் உருவாயின. பின்னர் அவை மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவின. 12 முதல் 20 பேர் வரை கொண்ட அந்தக் குழுக்கள் ஏராளமான பெண்களுக்குச் சேமிப்பையும் வங்கியின் வாசற்படியையும் காட்டின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் பின்னாலேயே தனியார் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் பொறுப்பு என்ற ஏற்பாட்டில், தவணை நாளன்று ஒருத்தியின் வீட்டு வாசலில் மற்ற ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்து கொள்ளும் காட்சியை நம் தெருக்கள் பார்த்திருக்கின்றன. ஆகவே உங்கள் நோட்டீஸைப் படித்ததும் கடன் வேண்டியவள் விசாரிக்க வருவாள்; கடனில் மூழ்கியவள் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவாள். உங்கள் வட்டம் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டாமவளுக்கு.

எங்கள் முதல் கூட்டத்துக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு. "பாரம் எப்பக்கா குடுப்பீங்க?" என்று ஒருவர் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய சமயத்தில், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மனுப் போட வந்தவர்களால் எங்கள் அறை மறுபடியும் ஒருமுறை நிரம்பியது. அப்படி வந்தவர்களை ஏமாற்றமாக எண்ணி அனுப்பிவிடாதீர்கள். மனு எழுதித் தந்து எங்கே கொடுப்பது என்று வழி சொல்லி அனுப்பினோம், அவர்களுள் இருவர் ஒரு மாதம் கழித்துத் தாமாகவே திரும்பி வந்தார்கள்.

இன்னொரு சொல் "கவுன்சிலிங்". உங்கள் பகுதிக்கும் எங்கள் பகுதிக்கும் பக்கத்திலேயே, 1794-இல் தோன்றிய மனநலக் காப்பகத்தின் தொடர்ச்சியான அரசு மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே நல்ல சிகிச்சை கிடைக்கிறது. ஆனாலும் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே வசையாக்கி வைத்திருக்கும் நகரம் இது. "மனநல ஆலோசனை", "பாதிக்கப்பட்ட பெண்கள்" என்ற சொற்கள் தாளில் இருந்தால், அந்தத் தாளைக் கையில் வாங்குவதே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. "பாதிக்கப்பட்டவர்" என்று தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. "தூக்கம் வரல", "வீட்ல கொஞ்சம் சரியில்ல", "அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு" என்றுதான் சொல்வார்கள். நாங்கள் பல முறை மாற்றி எழுதி, கடைசியில் நிலைத்த வாசகத்தைத் தருகிறேன். உங்கள் ஊருக்கும் நாளுக்கும் ஏற்ப மாற்றிக் கொள்ளலாம்.

"புதன்கிழமை மதியம் 2 மணிக்குச் சில பெண்கள் உட்கார்ந்து பேசுகிறோம். வீடு, பிள்ளைகள், உடம்பு, பணம், எதைப் பற்றியும் பேசலாம். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி. கடன் இல்லை, சந்தா இல்லை, ஆதார் வேண்டாம், கட்சி இல்லை. கைக்குழந்தையோடு வரலாம்."

கீழே ஒரே ஒரு பெண்ணின் முதற்பெயரும் ஒரு கைபேசி எண்ணும். எந்த இடம் என்று அச்சிட வேண்டாம். கேட்பவருக்கு வாயால் சொல்லுங்கள். தாள் உள்ளங்கை அளவில், பர்ஸில் மடித்து வைக்கும்படி இருக்கட்டும். சுவரில் ஒட்டிய நோட்டீஸை நின்று படிக்கும் பெண்ணைத் தெருவே பார்க்கிறது. உள்ளங்கைத் தாளை யாரும் பார்ப்பதில்லை.

இனி அந்தத் தாள் யார் கையில் போக வேண்டும் என்பது. ஒவ்வொரு பகுதியிலும் பெண்கள் ஏற்கெனவே யாரிடமோ பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எங்களுக்கு முதல் ஆளைச் சேர்த்துத் தந்தவர் ஒரு தையல்காரர். மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில், ஒரு மிஷின் மட்டும் போடக்கூடிய கடை. நான் ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்த புடவையை வாங்கப் போயிருந்தேன். ஓர் இளம்பெண் ஜாக்கெட் பிடித்துத் தரச் சொல்லி நின்றிருந்தாள். தையல்காரர் பழைய தையலைப் பிரித்துக் கொண்டே, "பொங்கலுக்கு 36 தெச்சேன், ஆடிக்கு 34 ஆச்சு, இப்ப மறுபடியும் பிடிக்கச் சொல்ற. சாப்பிடறியா இல்லையா?" என்று கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள். அவள் போனதும் அவர் அளவு நோட்டைப் புரட்டி என்னிடம் காட்டினார். ஓராண்டுக்குள் ஒரே பெயருக்கு எதிரே மூன்று அளவுகள், ஒவ்வொன்றும் முந்தையதை அடித்துவிட்டு எழுதியவை. அந்த நோட்டுக்குத் தெரிந்தது அவள் பிறந்த வீட்டுக்குத் தெரியாது. நான் அவரிடம் நான்கு தாள்கள் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் கதவருகே வந்து நின்றாள்.

அதுபோல உங்கள் பகுதியில் தேடுங்கள்: பெண்கள் மட்டும் வருகிற பியூட்டி பார்லர் வைத்திருப்பவர், கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர், அங்கன்வாடிப் பணியாளர், மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர், இட்லி மாவு அரைத்து விற்பவர், டியூஷன் எடுக்கும் ஆசிரியை, மருந்துக் கடையில் நிற்கும் பெண். குறிப்பாக மருந்துக் கடை. யார் அடிக்கடி தைலமும் வலி மாத்திரையும் வாங்குகிறார், எந்த வீட்டில் தூக்க மாத்திரைச் சீட்டு மாதந்தோறும் நீள்கிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். இவர்களிடம் போய் "ஆள் பிடித்துத் தாருங்கள்" என்று கேட்டால் கெட்டது. முதலில் அவர்களையே ஒருமுறை வட்டத்துக்கு அழைத்து உட்கார வையுங்கள். நாள் முழுவதும் பிறர் குறையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் குறையைக் கேட்க ஆளில்லை. பூக்காரம்மா தன் முழங்கால் வலியைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனால், அடுத்த வாரம் இரண்டு பேரோடு வருவார். அப்படி வருபவரை நீங்கள் சேர்த்ததாக நினைக்க வேண்டாம், அவர் சேர்த்திருக்கிறார்.

அவர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்லிவையுங்கள். யாருடைய பெயரையும் எண்ணையும் உங்களிடம் தர வேண்டாம். தாளை மட்டும் கொடுத்து, வேண்டுமானால் அந்தப் பெண்ணே கூப்பிடட்டும் என்று விட்டுவிட வேண்டும். "உங்க பேர அந்தம்மா சொன்னாங்க" என்று நீங்கள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால், அந்தப் பெண்ணும் உங்களை நம்பமாட்டாள், சொல்லிவிட்டவரையும் நம்பமாட்டாள். ஒரே நாளில் இரண்டு கதவுகள் அடைபடும்.

இந்த வழி புதிதல்ல. பெண்கள் சேர்ந்து உட்காரும் அமைப்புகள் இந்த நகரத்தில் நூறாண்டுக்கு மேலாக உண்டு. இந்திய மாதர் சங்கம் அடையாற்றில் தொடங்கியது 1917-இல். ஆனால் அது ஆங்கிலம் படித்தவர்களிடமிருந்து தொடங்கி வெளியே பரவ முயன்ற அமைப்பு. 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு வேறு வழியில் போனது; நடைபாதையில் விற்கும் பெண்களிடம் போய், அந்தந்தப் பகுதியின் சிறு குழுவுக்கு அவர்களுள் ஒருவரையே தலைவியாக்கியது. கடன் அமைப்புதான் என்றாலும், ஆள் சேர்க்கும் கலையை நான் அதனிடமிருந்தே கற்றேன். உங்கள் நால்வரில் மூவர் அலுவலகம் போகிறவர்கள், நால்வரும் சொந்த வீட்டில் இருப்பவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை வீட்டுப் பெண்ணோ வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணோ கதவைத் திறந்து உங்களைப் பார்த்த நொடியில் "இது நமக்கில்ல" என்று முடிவு செய்திருப்பாள். ஐந்தாமவராக யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை யார் வருவார்கள் என்பது அமையும். ஆகவே ஐந்தாமவர் உங்களைப் போலில்லாத ஒருவராக இருக்கட்டும்.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வட்டங்கள் இதில்தான் கவிழ்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்பது அலுவலகம் போகிறவர்களுக்கு விடுமுறை. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அதுதான் வேலை மிகுந்த நாள். காலையில் கறி மீன் வாங்கி வந்து, மதியம் எல்லாருக்கும் சமைத்துப் போட்டு, பாத்திரம் கழுவி முடிக்கும்போது மணி நான்கு. கணவரும் மாமனாரும் வீட்டில் இருக்கும்போது "எங்க கெளம்பற?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்ட முடியும். போதாக்குறைக்கு நீங்கள் வைத்த 5 மணி, ஞாயிறு ராகு காலத்தில் விழுகிறது, 4.30 முதல் 6 வரை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, உங்களுக்கும் இருக்காது, ஆனால் ஓர் இடத்துக்கு முதன்முதலாகப் போகும் பெண்ணைத் தடுக்க விரும்பும் மாமியாருக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் காலை வீடுகளை முடித்துத் திரும்ப மதியம் ஒரு மணி ஆகும். மாலை வீடுகளுக்கு நான்கு, நாலரைக்குக் கிளம்ப வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் மூன்றரைக்கு மேல் வந்துவிடுவார்கள். லாரித் தண்ணீர் வரும் தெருவாக இருந்தால் அது எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு யாரும் மனம்விட்டுப் பேச வரமாட்டார்கள். இவற்றையெல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது வார நாளில் 2 முதல் 3.15 வரையிலான நேரம். வெள்ளி பூஜைக்கு, செவ்வாய் அம்மன் கோயிலுக்கு என்று போய்விட, எங்களுக்குப் புதன்கிழமை ஒத்துவந்தது; புதன் ராகு காலமும் 1.30-க்கு முடிந்துவிடுகிறது. அலுவலகம் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்பது உண்மைதான். அவர்களுக்கென்று இரண்டாம் சனிக்கிழமை மாலையில் தனிச் சந்திப்பு வையுங்கள். இரண்டையும் ஒன்றாக்க முயன்றால் இரண்டும் கெடும். புதியவர்களை அழைக்கத் தை, மாசி மாதங்களும் பள்ளி திறந்த பிறகு வரும் ஆனியும் நல்லவை. ஆடியில் கூழ் ஊற்றலும், ஐப்பசி கார்த்திகையில் வில்லிவாக்கம், கொளத்தூர் பக்கத்து முழங்கால் தண்ணீரும், சித்திரையில் சொந்த ஊர்ப் பயணமும் வந்து வருகையைக் குலைத்துவிடும்.

இடம் என்று வரும்போது, உங்கள் வீட்டு மாடி அறை வசதியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வசதிதான். வருகிறவளுக்கு அது இன்னொருவர் வீடு. செருப்பை எங்கே விடுவது, எந்த டம்ளரில் தண்ணீர் தருவார்கள் என்ற கணக்குகள் இந்த நகரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல. கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைத்தது என்று நாங்கள் ஒருமுறை மகிழ்ந்து போனோம். இரண்டு முஸ்லிம் பெண்கள் நின்றுவிட்டார்கள். மற்றவர்களும் மாதத்தில் சில நாள் "இந்த வாரம் வர முடியாதுக்கா" என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கியபோதுதான், விலக்கு நாளில் யாரும் அந்தப் படி ஏறமாட்டார்கள் என்பது எங்கள் மரமண்டைக்கு எட்டியது. கிளை நூலகத்தின் ஓரத்து அறை, டியூஷன் சென்டர் காலியாக இருக்கும் மதிய வேளை, மாநகராட்சிச் சமூக நலக் கூடத்தின் சிறிய அறை என்று பொதுவான இடமாகப் பாருங்கள். பெண்ணின் சொந்தத் தெருவில் இருக்கக் கூடாது. நான்கைந்து பேருந்து நிறுத்தம் தள்ளி இருப்பது நல்லது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், இந்தத் தொலைவுக்காக யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. ஓட்டேரிப் பெண் வில்லிவாக்கத்துக்கு வரட்டும், வில்லிவாக்கத்துப் பெண் பெரம்பூருக்குப் போகட்டும். தெரிந்த முகம் இல்லாத இடத்தில்தான் வாய் திறக்கிறது.

மாமியார்களைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மருமகளை அனுப்ப மறுக்கும் வீட்டுக்குப் போய்ப் பேசலாமா என்றால், அந்த மருமகளே கூப்பிட்டால் மட்டும் போங்கள். போனால் மாமியாரிடம்தான் உட்கார வேண்டும். காபி கொடுத்தால் குடித்துவிட்டு, அவர் சர்க்கரை அளவையும் கண் ஆபரேஷனையும் விசாரித்துவிட்டு, "வாரத்துல ஒரு மணி நேரம்மா, மூணேகாலுக்கு வீட்ல இருப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். பெண்ணுரிமை பற்றி அங்கே ஒரு சொல்லும் வேண்டாம். மூன்றேகால் என்று சொன்னால் மூன்றேகாலுக்கு அவளை வீட்டில் இருக்கச் செய்வது உங்கள் பொறுப்பு; நான் ஒருமுறை பேச்சின் சுவாரசியத்தில் நாலரை வரை இழுத்துவிட்டு, நல்லதொரு பெண்ணை இழந்தேன். மாமியாரையும் மருமகளையும், நாத்தனாரையும் அண்ணியையும், ஓரகத்திகளையும் ஒரே வட்டத்தில் உட்கார வைக்க வேண்டாம். மாமியார்களுக்கும் பேச நிறைய இருக்கிறது, அவர்களுக்கு வேறு கிழமை.

வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறீர்கள். அதைக் கலைத்துவிடுங்கள் என்பேன். பல வீடுகளில் பெண்ணின் போன் பெண்ணுடையது அல்ல. மகன் கேம் விளையாடுவான், கணவர் மெசேஜ் பார்ப்பார். "ஆதரவு வட்டம்" என்ற பெயரில் ஒரு குழு திரையில் மின்னினால், அன்றிரவு அவள் பதில் சொல்ல வேண்டிவரும். அதோடு குழுவில் உள்ள எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. கூட்டத்தை எப்போதும் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துவிட்டால் நினைவூட்டலே வேண்டாம். புதியவர் முதன்முதலாகக் கூப்பிடும்போது, "இந்த நம்பருக்கு நான் திரும்பக் கூப்பிடலாமா, எந்த நேரத்தில் கூப்பிடலாம்?" என்று கேட்டுவிட்டு அதன்படி மட்டும் நடந்துகொள்ளுங்கள்.

முதல்முறை வந்தவள் இரண்டாம் முறை வருவாளா என்பது முதல் அரைமணியில் தெரிந்துவிடும். உங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மை அறிமுகம் செய்து கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பெயர் போதும், கணவர் என்ன செய்கிறார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், கணவரை இழந்தவளுக்கும் விலகி வந்தவளுக்கும் பிள்ளை இல்லாதவளுக்கும் முதல் கேள்வியிலேயே அடி விழுகிறது. கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நாங்கள் கீரை ஆய்வோம். வட்டமாக உட்கார்ந்து நடுவில் முளைக்கீரைக் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டால், யாரும் யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. விரல்கள் ஓடும்போது சொல்லும் தானாக வரும். வராவிட்டாலும், வீட்டுக்கு ஆய்ந்த கீரையோடு போகலாம். எங்கள் வட்டத்துக்கு எங்கள் தெருவில் "கீரைக் கூட்டம்" என்றுதான் பெயர், நாங்கள் வைத்ததல்ல.

"இங்கே பேசியது வெளியே போகாது" என்று எல்லா வட்டங்களும் சொல்கின்றன. அதற்கு ஒரு விலக்கு உண்டு என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கடமை, மறைப்பது குற்றம். பிறகு போய் "அதை மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும்" என்றால் நம்பிக்கைத் துரோகமாகத் தோன்றும். அதேபோல் வட்டத்தால் தாங்க முடியாதது எது என்று நீங்களே தெளிவாக இருங்கள். அடிபட்டு வருகிறவளுக்குக் கீரைக் கட்டு போதாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணும், உடனடித் தங்குமிடமும் சட்ட உதவியும் தரும் சகி மையமும், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரும் இருக்கிறார்கள். அந்த அலுவலரிடம் போகக் காவல் நிலையத்தில் முதலில் வழக்குப் பதிந்திருக்க வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. உயிரை விடும் பேச்சு வந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. கணவரின் குடிதான் சிக்கல் என்றால், அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தாரையும் சேர்த்தே பார்க்கிறது. இந்த விவரங்களை உங்கள் நால்வருள் ஒருவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தாளாக அச்சிட்டு எல்லார் கையிலும் திணிக்க வேண்டாம், அந்தத் தாள் வீட்டில் யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

ஆள் குறைவாக இருக்கும்போது யார் வந்தாலும் சரி என்று தோன்றும். அங்கேதான் நாங்கள் ஒருமுறை சறுக்கினோம். நான்காம் ஆண்டில் எங்கள் எண்ணிக்கை பதினான்கு ஆனபோது, பகுதியில் செல்வாக்கு உள்ள ஒருவர் நாற்காலிகள் வாங்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை. நாற்காலிகளோடு கேமராவும் கையுமாக இரண்டு பேர் வந்தார்கள். மறுநாள் காலை எங்கள் பெண்களின் முகங்கள் அவர் முகத்தோடு சேர்ந்து ஊர்ப் போன்களில் எல்லாம் சுற்றின, "ஆதரவற்ற பெண்களுக்கு உதவி" என்ற தலைப்போடு. அடுத்த புதன்கிழமை மூவர் வந்தார்கள். பன்னிரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப எங்களுக்கு இரண்டாண்டு பிடித்தது. அன்றிலிருந்து படம் எடுப்பதில்லை, அன்பளிப்பு வாங்குவதில்லை, பாயில்தான் உட்காருகிறோம். முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் இரண்டு ஸ்டூல்.

சீட்டு பிடிப்பவர், புடவை தவணைக்கு விற்பவர், சத்து மாவு டப்பாவோடு ஆள் சேர்க்கும் தொழில் செய்பவர் ஆகியோரும் நிச்சயம் வருவார்கள். அவர்களும் பெண்கள்தான், அவர்களுக்கும் சுமை உண்டு, வரட்டும். வட்டத்துக்குள் விற்பனை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உறுப்பினர்களுக்குள் கைமாற்றும் வேண்டாம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவளும் வாங்கியவளும் பிறகு ஒரே பாயில் உட்கார மாட்டார்கள்.

எத்தனை பேர் என்று இலக்கு வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பெயரளவில் பதினைந்து பேர் இருந்தால் எந்தப் புதன்கிழமையும் எட்டு அல்லது ஒன்பது பேர் அமர்வார்கள். அதற்கு மேல் போனால் பேசுகிறவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். பதினைந்தைத் தாண்டியதும் பழையவர்களில் இருவரை அனுப்பி இரண்டாம் வட்டம் தொடங்குங்கள். ஒரே நாளில் இருவருக்கு மேல் புதியவர்களைச் சேர்க்கவும் வேண்டாம்; ஒருத்தி அழுது கொண்டிருக்கும் வாரத்தில் கதவருகே புது முகம் நின்றால் அவள் கண்ணைத் துடைத்துக் கொண்டு பேச்சை மாற்றிவிடுவாள். வந்துவிட்டு நின்றுபோனவரைத் தேடிப் போகாதீர்கள். ஒருமுறை, அவர் சொன்ன நேரத்தில், போன் செய்து "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேளுங்கள், ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம்.

முதல் வேலையாக இந்த வாரம் உங்கள் நால்வரும் தனித்தனியாக ஒரு தாளில், கடந்த ஓராண்டில் தத்தம் வீட்டுக் குறையை யாரிடம் சொன்னோம் என்று எழுதிப் பாருங்கள். பார்லரோ, மாவுக் கடையோ, லிஃப்டில் பார்க்கும் பக்கத்து வீட்டு அம்மாவோ, ஒரு பெயராவது வரும். அவர்களிடம்தான் முதல் நான்கு தாள்கள் போக வேண்டும்.